குறுக்கே போட்ட பலகை

சேலத்திலிருந்து வரவேண்டிய ஸ்குரூ பார்சலுக்காக மொரப்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தபோது பிலோமினா போன் செய்தாள். "அண்ணா, அவரு எழுந்திரிக்கலீங்க. தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றாள். பார்சலை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அவள் கணவர் அருள்தாஸும் நானும் சேர்ந்து பட்டறை நடத்தினோம். தோட்டத்து மரத்தளம், மறைப்புத் தட்டி, நிழற்கூடம் எல்லாம் செய்வோம். மரம் அவர் பொறுப்பு, அடியில் தாங்கும் இரும்புச் சட்டம் என் பொறுப்பு. அவர் நினைவாக இங்கே கூடியிருக்கிற, அவரிடம் வேலை கொடுத்த உங்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க இரும்பிலேயே செய்யலாமா என்று யாராவது கேட்டால் போதும், "வெயில் ஏறுனா இரும்புகிட்ட போவ முடியாதுங்க, நம்ம அண்ணன் மாதிரியே" என்று என்னைக் காட்டுவார். நானும் முறைப்பேன், வேலையும் கிடைத்துவிடும்.

தளம் முடிந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். "தண்ணி நின்னா மரம் செத்துதுங்க" என்பார். சொட்டு நின்றாலும் அந்தப் பலகையைக் கழற்றிச் சரியாக மாட்டாமல் கிளம்ப மாட்டார். வத்தல்மலையில் ஒரு முறை இதற்காகவே கடைசி பஸ்ஸை விட்டோம். நான் திட்டியதை மலையே கேட்டிருக்கும்.

என் மனைவி கமலா மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. அவளுக்கு உலகமே ஒரு அறையும் ஒரு ஜன்னலும்தான் என்றானது. அருள்தாஸ் தானாகவே வந்தார். பின்வாசல் மட்டத்துக்கு, தோட்டத்துக்குள் நீளும்படி, வேங்கைப் பலகையில் சதுரமாக ஒரு தளம் போட்டார். புளிய இலை அடைத்துக்கொள்ளக் கூடாதென்று பலகைகளுக்கு நடுவே தாராளமாகச் சந்து விட்டார். பார்க்க அழகாக இருக்குமென்று வாசலிலிருந்து தோட்டத்தை நோக்கி நெடுக்காகப் பலகைகளை ஓடவிட்டார். தண்ணீர் ஊற்றியும் பார்த்தார், ஒரு சொட்டு நிற்கவில்லை. சக்கர நாற்காலியை மட்டும் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

கமலா வெளியே வந்தாள். நாலடி போவதற்குள் முன்சக்கரம் சந்துக்குள் இறங்கி நாற்காலி சாய்ந்தது. அருள்தாஸ் பாய்ந்து பிடித்தார். அவள் அழவில்லை. "எனக்கு அந்த ரூமே போதும், உள்ளே கொண்டுபோய் விடுங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு நான் பயந்துபோனேன்.

மறுநாள் அவர் எல்லாவற்றையும் கழற்றினார். பலகைகளைக் குறுக்கே திருப்பி, இடைவிட்ட சந்துகளையும் குறைத்தார். சதுரத் தளமானதால் பலகைகள் பிழைத்தன. என் சட்டம் பிழைக்கவில்லை; பலகை திரும்பினால் அடியில் தாங்கும் இரும்பும் திரும்ப வேண்டும், அறுத்து மறுபடி வெல்டிங் வைத்தேன். வேலை முடிந்தும் கமலா வரவில்லை. அருள்தாஸ் அவளுடைய நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து தளத்தில் வளைய வளைய ஓட்டினார். "அண்ணி, நல்லா ஓடுதுங்க! வண்டிய நானே வெச்சிக்கிறேன், நீங்க உள்ளயே இருங்க" என்று கத்தினார். "எறங்குடா, அது என் வண்டி!" என்று கமலா உள்ளேயிருந்து கத்தினாள். சிரித்துக்கொண்டேதான் கத்தினாள். அன்று சாயங்காலம் புளிய மரத்தடியில் மூவரும் டீ குடித்தோம்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் இதே பேச்சு. "நான் ஒரு தப்பு பண்ணேன் பாருங்க, தர்மபுரி ஜில்லாவுலயே ஒருத்தன் அப்படிப் பண்ணியிருக்க மாட்டான்!" தப்பைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவருக்குத்தான் வரும்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கமலாவை வீட்டுக்குக் கூப்பிடுவார். "உங்க வூட்டு வாசப்படிய நான் எங்க ஏற? பிரியாணிய இங்க அனுப்பு" என்பாள் அவள். அருள்தாஸ் இறந்த அன்று, "தூக்கிக்கிட்டாவது போங்க, நான் பார்க்கணும்" என்றாள்.

தூக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டு வாசற்படியை ஒட்டி, மெதுவான சாய்வாக, புதிதாக ஒரு மரப்பாதை நீண்டிருந்தது. மரத்துக்குப் பூசிய எண்ணெய் வாசம்கூடப் போகவில்லை. பலகைகள் குறுக்கே. அடியில் கருங்கல்தான், இரும்பே இல்லை. இரும்பு என்றால் எனக்குத் தெரிந்துவிடுமே. "அண்ணி கிறிஸ்மஸுக்கு வர வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாருங்க" என்று பிலோமினா அழுதாள். அத்தனை பேசியவர் இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார்.

நான் தள்ளப் போனேன். கமலா என் கையை விலக்கிவிட்டுத் தானே ஏறினாள். பலகைக்குப் பலகை சக்கரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதே சத்தம் தினமும் காலையில் எங்கள் பின்வாசலில் கேட்கிறது. அருளு, நீ விட்டுப்போனதென்று எனக்கு அந்தச் சத்தம் போதும். அது கேட்டால் என் கமலா வெளியே போகிறாள் என்று அர்த்தம்.