பாப்பா பாஸ் ஆன கதை

என் கணவர் கணக்கு வாத்தியார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலமானால் டியூஷன். பழைய கேள்வித்தாளைக் கொடுத்துத் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் கழுதைகூடப் பாஸாகிவிடும் என்பது அவர் வேதம். எங்கள் மகளுக்கு நாலு வயது தாண்டியும் அம்மா என்று வாய் வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டத் தெரியாது. அதற்கும் அவர் அந்த வேதத்தைத்தான் எடுத்தார்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் ஏறி இறங்காத இடமில்லை. போன இடமெல்லாம் காத்திருங்கள் என்றார்கள். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி ஒன்று ஆரம்பித்தார்கள். வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளைச் சேர்த்து, பயிற்சியாளர் வாராவாரம் வீட்டுக்கே வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் சொல்லித் தருவார். முதல் நாள் விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். முழுப் பரிசோதனை இன்னொரு நாள். அதில் பின்தங்கியிருப்பது தெரிந்தால்தான் இடம். ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் கிடையாது. நான் கவலையே படவில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது எங்களுக்கு யோக்கியதை இருக்கிறதே!

அதற்குள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில், மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். பாதம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜனம் என்னைச் சுற்றிக்கொண்டு ரயிலுக்கு ஓடியது. கூடையோடு வந்த ஒருத்தி, "இன்னாம்மா, நடு வயில குந்திகினு கீற, ஓரமா போ" என்று தாண்டிப் போனாள். கணுக்காலில் ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, ஸ்க்ரூ முடுக்கினார்கள். முழங்கால்வரை வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டிலில் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன்.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் பாப்பாவிடம் என்னென்ன கேட்டார்கள் என்று, அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த என் வீட்டுக்காரர் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். தாம்பரம் மார்க்கெட்டில் தேடி அதே மாதிரி மரக்கட்டை, சிவப்புப் பந்து, பொம்மை எல்லாம் வாங்கினார். பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னால் ஒரு பாடம், டியூஷன் முடிந்து ஒரு பாடம். பந்து எங்கே, காட்டு. கட்டையை அடுக்கு. டாட்டா சொல்லு. செய்தால் பிஸ்கட். இல்லையென்றால் சோறுகூடத் தள்ளிப் போகும். குழந்தை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுவது எனக்குக் கேட்கும். வேண்டாங்க, விட்டுடுங்க என்று கட்டிலிலிருந்து கத்துவேன். அழட்டும், பசித்தால் தன்னால் காட்டும் என்பார். ஒரு நாள், "நடக்கவே முடியலை, வாயாவது கொஞ்சம் சும்மா இருக்கட்டும்" என்றார்.

அவர் புதிதாக ஒரு கேள்வியும் சேர்த்தார். அம்மா எங்கே, காட்டு. சில நாள் கழித்துப் பாப்பா ஓடி வந்து, ஒற்றை விரலால் என் மாவுக்கட்டைத் தொட்டுவிட்டு, பிஸ்கட் வாங்க ஓடினாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன? அந்த ஒரு விரலுக்காக அந்த மனிதரை அன்றைக்கு மன்னித்தும்விட்டேன்.

முழுப் பரிசோதனைக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் ஸ்வீட் பாக்ஸ். பாப்பா பாஸ் என்றார்.

மறுநாள் ஆராய்ச்சிக்காரப் பெண் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. சந்தோஷமான விஷயம் மேடம், பாப்பா எங்கள் வரம்பைத் தாண்டிவிட்டாள், இதில் சேர்க்க முடியாது என்றாள். அய்யோ, அது அத்தனையும் வீட்டில் பழக்கிக் கொடுத்தது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். அப்படியென்றால் கூட்டி வந்த சார் நேரில் வந்து சொல்ல வேண்டும், பெரிய டாக்டர் வேறு முறையில் மறுபடி பார்ப்பார், இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கு இடம் போய்விடும் என்றாள்.

அவரிடம் கெஞ்சினேன். ஒரு வார்த்தை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், காலில் விழவும் தயார், விழுந்தால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான் என்றேன்.

"என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே போய்ச் சொல்லணுமா? பாஸ் பண்ணின பேப்பரை எந்த வாத்தியாராவது ஃபெயில் போடச் சொல்லுவானா?"

"அது பரீட்சை இல்லைங்க. அவளுக்கு ஒருத்தர் வந்து சொல்லித் தரட்டும்னுதான்."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறிவிட்டார். மேலே பிள்ளைகள் எழுந்து நின்று குட் ஈவினிங் சார் என்றார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன், கீழேயிருந்தே. டியூஷன் சத்தத்தில் எதுவும் மேலே போகவில்லை.

அந்த இடம் பீர்க்கன்கரணையில் ஒரு குழந்தைக்குப் போனது. அது நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்தது. கேக் வெட்டினோம்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். கால் முருங்கைக்காய் மாதிரி இளைத்திருந்தது. என்னைப் பார்க்க அவரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். நான் ஹாலில் நிற்கிறேன், பாப்பா என் பக்கத்தில். இவருக்கு விருந்தாளி முன்னால் காட்டிக்கொள்ள வேண்டுமே, பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அம்மா எங்க, காட்டு."

பாப்பா என்னைத் தாண்டி அறைக்குள் ஓடினாள். கட்டிலில் ஏறினாள். என் கால் இருந்த இடத்தைத் தடவினாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள், குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். நான் "பாப்பா, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்" என்றேன். அவள் திரும்பவில்லை. கடைசியில் வெள்ளை உறை போட்ட அந்தத் தலையணையை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிஸ்கட்டைக் கொடுத்தார்.