கட்டில் அத்தை மீது ஒரு கோபம்

எங்கள் பள்ளியில் வயிற்று வலிக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது. கணக்குப் பாடம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அது வரும். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிக் ரூமுக்குப் போவார்கள். அங்கே ஒரு கட்டில், ஒரு தெர்மாமீட்டர், ஒரு பஞ்சு டப்பா. கூடவே கட்டில் அத்தை.

அந்தப் பெயரைப் பிள்ளைகள்தான் வைத்தார்கள். பதினொரு வருடம் ஒரு மருந்துக் கடையில் நின்றே வேலை பார்த்து முழங்கால் போன பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று இங்கே சேர்ந்தவர். சேர்ந்தபோது அவருக்குச் சொல்லப்பட்ட வேலை மூன்று: காய்ச்சல் பார்ப்பது, மருந்து தடவுவது, வீட்டுக்குப் போன் செய்வது. நான்காவது வேலையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு பையன் மூன்று நாள் தொடர்ந்து வயிற்று வலி என்று வந்திருக்கிறான். மூன்று நாளும் வெந்நீர்ப் பை வைத்தார். நான்காம் நாள் பை ஒழுகிவிட்டது. வேறு வழியில்லாமல், “எங்கடா வலிக்குது, காட்டு” என்று கேட்டார். அவன் நெஞ்சைக் காட்டினான்.

“அது வயிறு இல்லடா.”

“அங்கதான் அத்தை. அப்பா வெளியூர் போனாரே, அன்னைலேருந்து.”

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பழக்கம். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கட்டிலில் உட்காரவைத்து, “கோபமா, வருத்தமா, பயமா?” என்று கேட்பார். அழுதால் அழ விடுவார். “அழாதே” என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அழுது முடித்ததும், “இப்ப அதுக்குப் பேர் வை” என்பார். ஒரு குட்டி, “எல்லாரும் என்னை விட்டுட்டு விளையாடுற மாதிரி” என்று வைத்தாள். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். கோபக்காரர்களுக்குப் பஞ்சு உருட்டுகிற வேலை. உருட்டி முடிப்பதற்குள் மூச்சு சீராகிவிடும். எங்கள் பள்ளியில் காயம் படுகிறவர்கள் குறைவு, பஞ்சு உருண்டையோ மூன்று டப்பா நிறைய இருக்கிறது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கைராசி வந்துவிட்டால் நமக்குக் கொஞ்சம் தலை கனத்துவிடுகிறது, இல்லையா? விளையாட்டு வாத்தியார் கழுத்துப் பிடிப்புக்குத் தைலம் கேட்டு வந்தபோது அத்தை, “யார் முகத்தப் பார்க்கக் கூடாதுன்னு சார் இருக்கீங்க?” என்று கேட்டார். வீட்டில் கணவரையும் விடவில்லை.

“ஏங்க, ஒரு மாதிரி இருக்கீங்களே. கோபமா, வருத்தமா?”

“பசி.”

“அதுக்கு அடியில என்ன இருக்கு?”

“அதுக்கு அடியிலயும் பசிதான். தட்டை வை.”

இந்தச் சமயத்தில்தான் நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பிலிருந்து வக்கீல் போனாள். எதற்கும் எதிர்வாதம் செய்வதால் அந்தப் பெயர். இடைவேளை முடிந்து இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

“என்ன வக்கீலம்மா?”

“கை வலிக்குது அத்தை.”

“காலையில ஏதாவது சண்டையா?”

“ஆமா, பக்கத்துல உட்கார்றவ பேச மாட்டேன்னுட்டா. அப்புறம் படியில விழுந்தேன். கை வலிக்குது.”

“பேசலன்னா கோபம் வருதா, வருத்தம் வருதா?”

“ரெண்டும் வருது. கை வலிக்குது.”

“கோபம் வந்தா நமக்கே தெரியாம கைய இறுக்கிப் பிடிச்சுக்குவோம்டா கண்ணு. அதான் வலி.”

“நான் எதையும் பிடிக்கல. விழுந்தேன். கை வலிக்குது.”

“கொஞ்சம் பஞ்சு உருட்டு, சரியாயிடும்.”

“ஒரு கையாலயா?”

“மெதுவா உருட்டு.”

வாசலில் நின்று ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் கை வீங்கிவிட்டது. மணிக்கட்டு எலும்பில் சின்ன விரிசல், மூன்று வாரம் மாவுக்கட்டு. மறுநாள் காலை வக்கீலின் அம்மா ஹெச்.எம். அறையில் சிக் ரூம் நோட்டைப் பிரித்துப் படித்தார். “கோபம், வருத்தம். பஞ்சு நாலு உருண்டை.” நோட்டை ஹெச்.எம். பக்கம் திருப்பினார்.

“எலும்பு விட்டுப் போனதுக்கு நாலு பஞ்சு உருண்டையா மேடம்?”

கட்டில் அத்தை தலையை நிமிர்த்தவே இல்லை. ஹெச்.எம். அவரிடம், “முதல்ல கையப் பாருங்க, அப்புறம் கோபத்தப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். அதுவே பெரிய தண்டனையாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அத்தை கேட்பதையே நிறுத்திவிட்டார். பிள்ளை வந்தால் காய்ச்சல் பார்ப்பார், படுக்க வைப்பார், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

“அத்தைக்கு என்ன ஆச்சு டீச்சர்?” என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். “என் வயிறு எதுக்கு வலிக்குதுன்னு கேக்கவே இல்ல.”

நான் போய்ப் பேசினேன். “ஒரு தடவை தப்பாப் போச்சு, அதுக்காக விட்டுடுவீங்களா?”

“பிள்ளை சொல்றதக் கேக்குறேன்னு பேர் வாங்கிட்டு, சொன்னதக் காதுலயே வாங்கல டீச்சர். இனிமே எந்த முகத்தோட கேக்குறது? அந்தப் பொண்ண நிமிந்து பார்க்கவே பயமா இருக்கு.”

ஏழாம் நாள் வக்கீல் மாவுக்கட்டோடு வந்துவிட்டாள். இடைவேளை மணி அடித்ததும் நேராகச் சிக் ரூமுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கட்டில் அத்தை எழுந்து நின்றார். “வலிக்குதா கண்ணு?”

“இல்ல. நான் உங்க மேல கோபமா இருக்கேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அத்தை வேணும்னு பண்ணலடா. நீ சண்டைன்னு சொன்னியா, அதனால நான்...”

“நான் கை வலிக்குதுன்னு சொன்னேன்.”

 அத்தை கட்டில் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

“ஆமா. சொன்ன. மூணு தடவை சொன்ன.”

“நாலு.”

“நாலு தடவை. நான் கேக்கல. தப்பு என்னோடதுதான்.”

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. வாதாட ஆள் இல்லாமல் போய்விட்டது. “கோபம் இன்னும் போகல” என்றாள்.

“போக வேண்டாம். இருக்கட்டும்.”

“எவ்ளோ நாள் இருக்கலாம்?”

“உன் கோபம், உன் இஷ்டம்.”

“கட்டு பிரிக்கிற வரைக்கும்.”

“சரி.”

 ஒரு பெரியவர், எட்டு வயதுப் பிள்ளையின் கோபத்தை, ‘மன்னிச்சிடு, சிரி பார்க்கலாம்’ என்று அவசரப்படுத்தாமல் அப்படியே மடியில் வாங்கி வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்க்கிறேன். வக்கீல் கட்டிலில் ஏறி அமர்ந்து, சொன்ன சொல் தவறாமல் அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தெர்மாமீட்டர் வைத்தார். வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அவனக் கேக்கலையா?” என்றாள் வக்கீல்.

“வேண்டாம்டா.”

“நான்தான கோபமா இருக்கேன். அவன் என்ன பண்ணான்? அவனக் கேளுங்க.”

அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பொடியன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் எதிரில் உட்கார்ந்தார். 

“எதுக்கு வலிக்குதுன்னு உனக்கு ஏதாவது தோணுதா தங்கம்?”

அவன் நீண்ட நேரம் யோசித்தான். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

“ரெண்டு பாக்கெட் பிஸ்கட் தின்னுட்டேன்.”

“அப்புறம்?”

“இன்னும் அரை பாக்கெட்.”

ஒரு வாரமாக வராத சிரிப்பு அத்தைக்கு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

“சிரிக்காதீங்க” என்றாள் வக்கீல். “நான் இன்னும் கோபமாதான் இருக்கேன்.”

“தெரியும்மா, தெரியும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, அத்தை பொடியனுக்கு ஓமத் தண்ணீர் எடுக்க எழுந்தார்.