எதிர் கவுண்டரைக் காட்டியவர்

பேச்சு வராத என் மகளுக்காக, படத்தைத் தொட்டால் பேசும் செயலி போட ஒரு டேப்லெட் வாங்க மதுரைக்குப் போயிருந்தோம். பல கம்பெனிகளின் கவுண்டர்கள் இருந்த கடையில், ஒரு கம்பெனியின் நீலச் சட்டை போட்ட விற்பனைப் பெண், நாங்கள் தொடத் தொடத் திரையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "இன்னைக்கு ஒண்ணுகூட விக்கல," என்று அந்தக் கம்பெனியின் மேலாளர் அவரை அதட்டியது எனக்கும் கேட்டது.

செயலியின் பெயரைச் சொல்லி, "இதுல ஓடுமாம்மா?" என்றேன்.

துடைத்த கை நின்றது. "எங்க சிஸ்டத்துல ஓடாதுண்ணே. எதுத்த கவுண்டர்ல கேளுங்க."

"அப்டேட் வரும் சார்," என்று மேலாளர் குறுக்கே வந்தார்.

"வராதுண்ணே. பாப்பா இப்பவே பேசணும்ல?"

மேலாளரின் முகம் இறுகியது. எதிரிலேயே வாங்கினோம்.

அடுத்த வாரம் டேப்லெட்டுக்கு உறை வாங்க அதே கடைக்குப் போனபோது அந்த இடத்தில் வேறொரு பெண். "அவங்க நின்னுட்டாங்க," என்றார்.

"நின்னாங்களா, நிறுத்துனாங்களா?"

அவர் திரையைத் துடைக்கத் தொடங்கினார்.

மகள் இப்போது திரையைத் தொட்டு என்னை "அப்பா" என்று கூப்பிடுகிறாள். சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். எங்கே போய்ச் சொல்வது?