கேற்றடிச் சாமி

அருட்செல்வன் சேர் ஒரு கதிரையில் ஐந்து நிமிடம் தொடர்ந்து இருந்ததை நான் பார்த்ததில்லை. ஆசிரியர் அறையில் அவருடைய மேசை என்னுடையதற்குப் பக்கத்து மேசை. கணிதக் கொப்பிகளை நின்றபடி திருத்துவார், தேத்தண்ணீரை நடந்தபடி குடிப்பார், அதிபர் கூட்டத்தில் சுவரோடு சாய்ந்து ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பார். பின்னேரம் அவர் மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்தூர் வீட்டுக்குப் போன பிறகுதான் பள்ளிக்கூடம் மூச்சு விடும். நான் மக்டலீன், விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். குருநகரிலிருந்து நெல்லியடிப் பக்கம் வரைக்கும் பஸ்ஸில் இடிபட்டு வருகிறவள். காலையில் கொஞ்சம் சும்மா இருக்கலாம் என்று வந்து குந்தினால், பக்கத்தில் இந்த மனிதர் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஒன்பது வருடமாக இதுதான்.

எங்களுடையது அரசாங்கப் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் சைவம். கடற்கரைப் பக்கத்திலிருந்து நாற்பது ஐம்பது கத்தோலிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். புதிய சபைகளுக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகளும் ஏழெட்டுப் பேர் உண்டு. அருட்செல்வன் சேர் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாசிரியர். காலை ஏழு மணிக்கு வாசல் கேற்றடியில் நிற்பார். சேட்டுப் பையில் சிவப்புப் பேனை, நீலப் பேனை, ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

அந்தக் கத்தரிக்கோலுக்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் இரண்டு கோயில்களின் திருவிழாக்கள் ஒரே மாதத்தில் வந்தன. ஒரு கோயில் பெடியங்கள் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினார்கள், மற்றக் கோயில் பெடியங்கள் மஞ்சள். கிரிக்கெட் மட்ச்சில் சிவப்பும் மஞ்சளும் கொளுவி, ஒருவனுக்கு மண்டையில் நாலு இழை தையல் போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் சேர் அந்த விதியை எழுதினார். சமய அடையாளங்கள் எவையும் உடுப்புக்கு வெளியே தெரியக் கூடாது, திருநீறும் பொட்டும் நீங்கலாக. ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என் நெற்றியில் பொட்டு இருந்தது, சங்கிலியில் கிடந்த சிலுவை சேலைக்குள் இருந்தது, எனக்கென்ன நட்டம்?

ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார். தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வில் அவருக்குப் பதின்மூன்று வயது. தென்மராட்சியில் ஒரு மாமரத்துக்குக் கீழே வகுப்பு நடந்ததாம்.

"ஆருக்கும் சீருடை இல்லை ரீச்சர். ஆர் எந்த ஊர், ஆரின்ரை வீட்டிலை சாப்பாடு இருக்கு, ஆருக்கு வெளிநாட்டிலை ஆள் இருக்கு, எல்லாம் உடுப்பிலை தெரியும். நான் நாலு மாசம் ஒரே காற்சட்டையோடை போனனான். வெள்ளைச் சேட்டு எண்டால் ஒண்டும் தெரியாது பாருங்கோ."

அவரோடு சண்டை பிடிக்கும்போதெல்லாம் இந்தக் காற்சட்டை வந்து குறுக்கே நிற்கும். ஆனாலும் லவீனாவின் விஷயத்தில் நான் அவரை மன்னிக்கவில்லை.

லவீனா அப்போது பத்தாம் வகுப்பு. தகப்பன் லியோன் கடலுக்குப் போகிறவர். ஆடி மாதத்தில் கார்மேல் மாதா திருநாள் முடிந்த கிழமை அது. எனக்கும் கேற்றடிக் கடமை. பிள்ளை வரிசையில் வந்தாள். பின்னல் இரண்டுக்கும் நடுவில், கொலருக்கு மேலே, ஒரு விரற்கடை மண்ணிற நாடா தெரிந்தது. சேர் விரலை விட்டு இழுத்தார். கொலருக்குள்ளிருந்து உத்தரியம் வெளியே வந்தது. மாதா படம் தைத்த இரண்டு சின்ன மண்ணிறத் துணித்துண்டுகள், ஒன்று நெஞ்சில் கிடக்கும், மற்றது முதுகில். எங்கள் ஆட்கள் குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார்கள்.

"விதி எல்லாருக்கும் ஒண்டுதான் பிள்ளை," என்று சொல்லிவிட்டு வெட்டினார். பின்னால் நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லவீனா அழவில்லை. துண்டுகளைக் கேட்டு வாங்கிக் கைலேஞ்சியில் சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வீதியைப் பார்த்தேன்.

ஆசிரியர் அறையில் எனக்கு வாய் வந்தது. "அது நூல் இல்லை சேர், உத்தரியம்," என்றேன்.

"நூலிலைதானே ரீச்சர் தொங்குது," என்றார் அவர், நடந்துகொண்டே.

ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. என் வீரம் அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்தது. ஒரு திங்கட்கிழமை காலை சேர் கறுப்பு வேட்டி, கறுப்புச் சேட்டு, கழுத்தில் துளசிமணி மாலை, நெற்றி நிறையத் திருநீறு, வெறுங்கால் என்று கேற்றடியில் நின்றார். நான் பஸ்ஸால் இறங்கி வந்தபோது ஆளை அடையாளம் தெரியவில்லை.

கோயில் வாசலுக்கு மனைவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நின்று வீதியை அளக்கிற மனிதர் அவர். மனைவி கீர்த்திகா. கலியாணம் முடித்துப் பதினொரு வருடம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். ஐயப்பன் கோயில் குருசாமி சொல்லி, சேர் நாற்பத்தொரு நாள் விரதத்துக்கு மாலை போட்டிருக்கிறார்.

"கணக்குப் படிப்பிக்கிறவன் இதை எப்பிடி நம்பிறன் எண்டு கேக்காதேங்கோ ரீச்சர்," என்றார். நான் கேட்கவில்லை.

அதிபர் இராசாத்தி அம்மா கேட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. விதிகள் எழுதிய கோப்பை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, சேரின் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்கடை விதிதானே சேர். நான் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

சேர் தன்னுடைய வசனத்தைத் தானே வாசித்தார். அறைக்குள் நாலு தரம் நடந்தார். அந்த வசனத்தில் ஓட்டை தேடுகிறார் என்று தெரிந்தது, ஆனால் ஓட்டை விட்டு எழுதுகிற ஆளா அவர்? கடைசியில் ஒரு சமாதானம். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை. மாலை சேட்டுக்கு உள்ளே. தாடிக்கும் வெறுங்காலுக்கும் விதியில் இடமும் இல்லை, தடையும் இல்லை.

உடுப்புப் பிரச்சினை அதோடு முடிந்தது, வாய்ப் பிரச்சினை தொடங்கியது. மாலை போட்டவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எதிரில் வருகிற ஆண்பிள்ளை எவனையும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். கோபிக்கக் கூடாது, ஏசக் கூடாது, கை ஓங்கக் கூடாது. முதல்நாளே பதினோராம் வகுப்பு நிருஷன், கீரைப்பாத்தி மாதிரித் தலைமயிரை நிமிர்த்திக்கொண்டு, கேற்றடியில் கைகூப்பினான்.

"சாமி சரணம் சேர்."

சேருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "சாமி," என்றார். ஒரு மூச்சு விட்டார். "உந்தத் தலைமயிரை வெட்டிப்போட்டு நாளைக்கு வாங்கோ சாமி."

அன்றைக்குப் பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அடுத்த கிழமை காதில் கடுக்கன் இரண்டு வந்தது, மணிக்கட்டில் நூல் வந்தது. சேர் கேற்றடியில் ஒவ்வொரு சாமியாகக் கெஞ்சிக்கொண்டு நின்றார். கை தானாகச் சேட்டுப் பைக்குப் போகும், கத்தரிக்கோலைத் தொடும், திரும்பி வரும். வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டி உடைந்து உடைந்து விழுந்தது. கோபத்தை விழுங்குகிறவருக்கு நித்திரை ஏது? கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போனது.

மார்கழி பிறக்கச் சில நாள் இருக்கும், விடாத மழை. கேற்றடியில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் புத்தகப்பை தண்ணீரில் விழுந்தது. சேர் குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது மாலை சேட்டுக்கு வெளியே கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை.

வரிசையில் அடுத்ததாக லவீனா நின்றாள். "சேர், மாலை வெளியிலை வந்திட்டுது," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அவர் அவசரமாக உள்ளே தள்ளினார். "தெரியாமல் வந்திட்டுது அம்மா." பெண்பிள்ளைகளை அந்த நாட்களில் அம்மா என்றுதான் சொல்வார்.

"என்ரை வெளியிலை வரேல்லை சேர். நீங்கள்தான் இழுத்து எடுத்தனீங்கள்."

குடையைச் சரித்துக்கொண்டு போய்விட்டாள். மாலை இல்லாத சேர் என்றால் அந்தப் பிள்ளையை அதிபர் அறை வரைக்கும் நடத்தியிருப்பார். இடைவேளை வரைக்கும் மழைக்குள் கேற்றடியிலேயே நடந்தார். பிறகு ஆய்வுகூடத்துக்கு என்னிடம் வந்தார், காலிலிருந்து சேறு வழிந்தது.

"அண்டைக்கு அது உள்ளுக்கையே கிடந்தது ரீச்சர்?"

"ஓம் சேர். நாடாதான் கொஞ்சம் தெரிஞ்சது, உத்தரியம் உள்ளுக்கைதான்."

"அப்ப விதிப்படி பிழை இல்லை."

"இல்லை."

"நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். ஏன் சொல்லேல்லை?"

எனக்கு முகம் சுட்டது. அந்த வசனத்தை எழுதியவரே என்னைக் கேட்கிறார் என்று கோபமும் வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

"பயந்திட்டன் சேர்," என்றேன். "எங்கடை ஆக்களுக்காகக் கதைக்கிறன் எண்டு சொல்லுவியள் எண்டு பயம்."

அவர் தலையாட்டினார். சொல்லியிருப்பார் என்று இருவருக்கும் தெரியும்.

நாலாம் நாள் சேர் வரவில்லை. கீர்த்திகாவுக்கு இரத்தம் பட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் அசையாமல் படுக்க வேண்டும், ஒவ்வொரு நாளாகத்தான் பார்க்கலாம் என்றாராம் டொக்டர். ஆசிரியர் அறையில் யாரும் அன்றைக்குச் சாமிப் பகிடி விடவில்லை. நான் அந்த மேசையைப் பார்க்க முடியாமல் கொப்பிகளோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

மூன்று நாள் கழித்து வந்தார். கண் சிவந்து, தாடி சிக்குப்பட்டு, களைத்துப்போய் நின்றார். "லவீனாவோடை கதைக்கோணும். நீங்களும் வந்து நில்லுங்கோ," என்றார். இடைவேளையில் நூலகத்துக்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு வந்தேன். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அண்டைக்கு நான் செய்தது பிழை," என்றார் சேர். "உள்ளுக்கைக் கிடந்ததை இழுத்து வெட்டினது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளோணும். நாளைக்குக் காலமைக் கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலையும் சொல்லுறன்."

ஒரு ஆசிரியர் மாணவியிடம் இப்படி மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. ஆனால் லவீனா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஆஸ்பத்திரிச் செய்தி தெரியும், பள்ளிக்கூடத்தில் தெரியாத ஆள் யார்?

"உங்கடை பிள்ளைக்காகவா சேர் கேக்கிறியள்?"

நான் அவளை அதட்ட வாயெடுத்தேன். சேர் கையால் மறித்தார்.

"ஓம். அதுக்காகத்தான். ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை முழுக்க உங்கடை ஞாபகம்தான். மாலையோடை பொய் சொல்லேலாது."

லவீனா யோசித்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை, கழுத்து ரையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்று யோசித்தாள்.

"அன்ரிக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் வராது சேர். அம்மாவும் நானும் இரவைக்குச் செபமாலையிலை சொல்லுறம்," என்றாள். "ஆனால் மன்னிப்பு இப்ப வேண்டாம். பிள்ளை பிறந்தாப் பிறகு வந்து கேளுங்கோ. அப்பவும் உங்களுக்குக் கேக்கோணும் எண்டு இருந்தால்."

சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "போகட்டே ரீச்சர்?" என்று கேட்டாள். போ என்றேன். வகுப்புப் பக்கம் நடந்தாள், ஓடவில்லை.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இந்த நிலையில் நிற்கிற மனிதருக்கு ஒரு சொல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று பட்டது. அடுத்த கணம் அந்தக் கோபம் என் மேலேயே திரும்பியது. சேர் நூலகத்து வாசலில் மூன்றடி போனார், வந்தார், திரும்பப் போனார். மழை விட்டிருந்தது. பிள்ளைகள் முற்றத்துத் தண்ணீரில் கால் அடித்துக்கொண்டு நின்றார்கள், அவர் ஒருவரையும் அதட்டவில்லை.

"பிள்ளை பிறக்காட்டில், ரீச்சர்?" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்திருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் இல்லை. அப்படிக் கதைக்காதேங்கோ சேர், எல்லாம் நல்லா முடியும் என்று எதையோ சொன்னேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. மணி அடித்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். கட்டிடத்தின் மூலை வரைக்கும் போனவர் நின்றார், திரும்பி என்னிடம் நடந்து வந்தார்.

"பிறக்காட்டிலும் கேக்கத்தான் வேணும்," என்றார்.