பெட்டிக்குள் வெந்த சோறு

என் கணவருக்கு முதல் வலிப்பு வந்தபோது அவர் லைனில் நின்றுகொண்டிருந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி, காண்ட்ராக்ட் வேலை. பிரஸ் மெஷின் பக்கம் சாயாமல் அடுக்கி வைத்திருந்த ட்ரேக்கள் மேல் சாய்ந்ததால் கை தப்பியது என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். மறுவாரம் வேலைக்குப் போனால் கேட்டில் அவருடைய கார்டு எடுக்கவில்லை. சூப்பர்வைசர் வெளியே வந்து தோளில் கை போட்டு, “தப்பா நெனச்சிக்காதப்பா. உன்ன மெஷினாண்ட நிக்க வைக்க எனக்கே பயமா கீது” என்றாராம். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கோபப்படக்கூட எங்களுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் திருநெல்வேலிப் பக்கம். நான் இந்த ஊர்ப் பெண். ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே போனால் என் அம்மா வீடு. சாதி வேறு என்பதால் என் வீட்டில் என்னைத் தலை முழுகிவிட்டார்கள். அவர் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அங்கே அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்துத்தான் அடுப்பு எரிந்தது. அதனால் இந்த நோயை இரண்டு பக்கமும் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வரிசை வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த போர்ஷனில் குடியிருந்தோம். நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு செக் பண்ணும் வேலையில் இருந்தேன்.

பைக் ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, குளம் குட்டைக்குத் தனியாகப் போகக் கூடாது, அடுப்புப் பக்கம் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பைக்கை விற்றோம். அந்தப் பணம் தீர்ந்ததும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்க என் கம்மலையும் விற்றேன். குளம் குட்டை பிரச்சினை இல்லை. அடுப்புதான் என் உயிரை வாங்கியது. நான் ஷிப்டுக்குப் போய்விட்டால் அவர் வீட்டில் தனியாள். பசித்தால் பற்ற வைப்பார், பற்ற வைத்த நேரத்தில் வந்துவிட்டால்? போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். உள்ளே நிற்கும்போது வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. அதனால் காலையில் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு போனேன். கேட்டில் செக்யூரிட்டி அம்மா பையைத் திறந்து அதை வெளியே எடுத்துப் பிடித்தார்.

“இன்னாம்மா இது? இத்த ஏன் தூக்கினு வர்ற?”

“ரிப்பேருக்குக் குடுக்கணும்க்கா” என்றேன். மறுநாளும் அதே ரிப்பேர். அதற்கடுத்த நாள் அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை மூடிக் கொடுத்தார்.

காலையிலேயே சமைத்து வைத்துவிட்டுப் போனால் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் குழம்பு நூல் விட்டது. பிரிட்ஜ் இல்லை. அவருக்கு அதைச் சொல்ல வெட்கம். கெட்டதையே சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் கிடந்தார். அப்போதுதான் மீன்காரர் ஓரம் உடைந்துபோன தெர்மகோல் பெட்டி ஒன்றைத் தூக்கி எறிய வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். கழுவி, வெயிலில் காய வைத்து, உள்ளே பழைய கம்பளியை விரித்தேன். காலையில் அரிசி ஒரு கொதி வந்ததும் பாத்திரத்தை மூடியோடு அப்படியே கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கிவிடுவேன். தன் சூட்டிலேயே வெந்துவிடும். மதியம் அவர் திறந்தால் ஆவி பறக்கும். முதல் நாள் சோற்றில் மீன் வாடை அடித்தது.

“ஏட்டி, இன்னைக்கு மீன் கொழம்புன்னு சொல்லவே இல்லியே” என்றார் நான் வந்ததும். வேலை போனபின் அவர் முதல்முதலாகக் கிண்டல் செய்தது அன்றுதான்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு பித்துப் பிடித்தது. நெருப்பே இல்லாமல், அல்லது ஒரே ஒரு கொதியில், எதையெல்லாம் தின்ன முடியும் என்று பார்ப்பது. பச்சைப்பயறு, கொள்ளு எல்லாவற்றையும் ஊற வைத்து, ஈரத்துணியில் முளை கட்டி வைப்பார். அவலை மோரில் ஊற வைத்து மாங்காய்த் துருவலைக் கலப்பார். ரோட்டோர வீட்டு முருங்கை மரத்தில் கேட்டுக் கீரை பறித்து வந்து, பகல் முழுக்க உட்கார்ந்து ஒரு காம்புகூட இல்லாமல் ஆய்ந்து வைத்திருப்பார். நான் வந்து ரெகுலேட்டரை மாட்டி, ஒரு தாளிப்பு தாளித்தால் போதும். தர்பூசணி தின்றால் சிவப்பு அன்றைக்கு, உள்தோல் மறுநாள் கூட்டுக்கு. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு. சந்தை கலைகிற நேரத்தில் போனால் கத்தரிக்காயைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். பூச்சிப் பகுதியை அவர் செதுக்கி எடுப்பதைப் பார்த்தால் நகை வேலை செய்கிறவர் மாதிரி இருக்கும். கேஸ் ரொம்ப நாள் வந்தது. அதை ஏதோ பதக்கம் வாங்கினது போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

சந்தோஷமாக இருந்தோமா என்றால், அந்த நேரங்களில் இருந்தோம். மற்ற நேரங்களில் நான் பிரேக் மணி அடித்ததும் லாக்கருக்கு ஓடுவேன். அவர் போனை எடுத்து “உயிரோடதான் இருக்கேன், போய் டீயக் குடி” என்பார். எடுக்கத் தாமதமானால் டீ குடிக்காமல் திரும்பத் திரும்ப அடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போவோம். செலவில்லாத ஊர்சுற்றல். சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. “எனக்கு ஒண்ணு, இவ ஓசி” என்று கண்டக்டரிடம் சொல்லி என்னிடம் அடி வாங்குவார். ஏரிக்கரைக்குப் போய் உட்காருவோம். ஷோரூமுக்குப் போகிற புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ட்ரெய்லர் போகும்போது, ஆளுக்கொரு நிறம் தேர்ந்தெடுப்போம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஏசிக்காகவே போய், விலையை மட்டும் படித்துவிட்டு ஒரு தீப்பெட்டியோடு வெளியே வருவோம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். வலிப்பு வந்து பல மாதமாகியிருந்தது. இனி வராது என்று வாய்விட்டுச் சொல்லாமல் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். புளிசாதம் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்தது, அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். ஒரகடம் வரும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கூர்ந்து பார்ப்பது போலிருந்தது. “ஏங்க?” என்றேன். பதில் இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்படியே சாய்ந்துவிட்டார்.

நான் அவர் தலையைப் பிடிப்பதற்குள் சீட்டுக் கம்பியில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. பஸ்ஸில் ஒரே கூச்சல். “குட்ச்சிட்டு ஏறுனானா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். யாரோ சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்கள். “சாவி வேணாம், ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க” என்று கத்தினேன். ஒரு அம்மா மட்டும் தன் பையை அவர் தலைக்குக் கீழே தள்ளினார். பஸ்ஸை ஓரம் கட்டினார்கள். இழுப்பு நின்றதும் கண்டக்டரும் இன்னொருவரும் அவரைத் தூக்கிக் கீழே இறக்கி, ஒரு புங்க மரத்தடியில் படுக்க வைத்தார்கள். “நூத்தியெட்டுக்குப் போன் போடவாம்மா?” என்று கண்டக்டர் கேட்டார். ஆம்புலன்ஸ் என்றதும் போன முறை அது எங்களைக் கொண்டுபோய் விட்ட தனியார் ஆஸ்பத்திரியின் பில்தான் ஞாபகம் வந்தது. “வேணாண்ணா, சரியாயிடும்” என்றேன். பஸ் போய்விட்டது.

லாரிகள் வரிசையாக நின்றிருந்த இடம் அது. அவர் என் மடியில் குறட்டை விடுவது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பேன்ட் நனைந்திருந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாதென்று என் துப்பட்டாவைப் போர்த்தினேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த தனிமையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அம்மா வீடு அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்த நம்பரை அழுத்தினேன். அண்ணன் எடுத்தான்.

“அண்ணா, நான்தாண்ணா…”

மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் டிவி ஓடியது. “யார்ரா அது?” என்று அம்மா கேட்டதும் காதில் விழுந்தது.

“ராங் நம்பர்மா” என்றான் அண்ணன். கட் ஆனது.

நான் அழவில்லை. அழுதால் அவரைப் பிடித்துக்கொள்ள கை வராது. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, ஒரு கேன் தண்ணீரும் வண்டி துடைக்கும் சுத்தமான துணி ஒன்றும் வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காதது போலத் திரும்பிப் போனார். கேனை வைக்கும்போது ஏதோ சொன்னார், அந்தப் பாஷை எனக்குப் புரியவில்லை. அந்தத் துணியால்தான் ரத்தத்தைத் துடைத்தேன்.

வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். என்னை யாரென்று தேடுகிற பார்வை. பிறகு மெதுவாக, “சாமி கும்புட்டாச்சா?” என்றார்.

“ஆச்சு” என்றேன்.

“எனக்கு ஏன் ஞாபகம் இல்ல?” என்றவர் துப்பட்டாவைப் பார்த்தார், நனைந்த பேன்ட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டார். பசித்தது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படியொரு பசி. புளிசாதத்தைப் பிரித்து அவருக்கு ஊட்டினேன். வேர்க்கடலை வந்தபோதெல்லாம் கடிபட்ட நாக்கு எரிந்து முகம் சுளித்தார்.

அப்போதுதான் சொன்னார். “நான் மாத்திரைய பாதியாத்தான் போட்டுக்கிட்டு வாரேன்.”

“இன்னாது?”

“ரெண்டு மாசமா. ஒண்ண ரெண்டா ஒடச்சு. நீ தோலக்கூட கீழ போடாம கூட்டு வைக்க. ஒன் கம்மல் பணத்துல நான் முழுசு முழுசா முழுங்குதேன். நம்மளால ஆனதுன்னு…”

அந்த ரோட்டில் நின்று கத்தினேன். “தோலும் மாத்திரையும் ஒண்ணா? ஒண்ணா சொல்லு! நீ செத்துப்பூட்டா நான் எந்த வூட்டுக்குப் போவேன்?” லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கத்தினேன். அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் விளையாட்டாக நினைத்த சிக்கனம் அவருக்குள் எங்கே போய் நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் மிச்சம் பிடித்ததைச் சொல்லிச் சிரித்தபோதெல்லாம், அவர் தன்னை ஒரு செலவாக எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் லீவு போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை போகாததற்குக் காரணம் உண்டு. அங்கே வரிசையில் நின்றால் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள், சேதி ஹவுஸ் ஓனருக்குப் போகும், வேறு காண்ட்ராக்டர்களுக்கும் போகும் என்று அவர் பயந்தார். மாத்திரை அங்கே இலவசமாகவே கிடைத்தது. அந்தப் பெண் டாக்டர் அவரை மட்டுமல்ல, என்னையும் திட்டினார். “பாதி மாத்திரை போட்டா பாதி வலிப்பு வருமாம்மா? முழுசாத்தான் வரும்” என்றார். வாங்கிக்கொண்டோம்.

அவர் பயந்தது போலவே நடந்தது. பஸ்ஸில் இருந்த யாரோ சொல்லி, ஹவுஸ் ஓனர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கெட்டவர் இல்லை. கீரைக் குழம்பு வைத்தால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் தருவார். வாசலில் நின்றபடியே, “என் பேத்தி இந்தப் படிக்கட்டுலதான் வெளாடுது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? வேற வூடு பாத்துக்கோங்க கண்ணு” என்று சொல்லிவிட்டு அவரே அழுதார். நானும் அழுதேன். ஆனாலும் காலி செய்தோம்.

இப்போது இருப்பது டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம். பூராவும் தரைமட்டம், அது ஒன்றுதான் வசதி. அவர் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார். சொன்னவுடன் தண்ணீர் கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு. தண்ணீர்கூடக் கொடுக்காதவர்களும் உண்டு. கடைசியில் ஒரு குடோனில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது. “ஒக்காந்த எடத்த விட்டு ஏந்திரிக்காத, போதும்” என்று மட்டும் சொன்னார்களாம். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்றும் தெரியாது. மாத்திரையை என் கண் முன்னால்தான் போட வேண்டும் என்பது வீட்டில் சட்டம்.

போன வாரம் வேலை முடிந்து வரும்போது அவர் ஒரு வாழைப்பூ வாங்கி வந்தார். வெளிமடல் கறுத்துப்போனது, அதனால் மலிவு. தரையில் பேப்பர் விரித்து இரண்டு பேரும் நரம்பு எடுக்க உட்கார்ந்தோம். பேசிக்கொண்டேயிருந்தவர் திடீரென்று நின்றார். கையில் ஒரு பூ, பார்வை சுவரில். அரிவாள்மணையைக் காலால் தள்ளிவிட்டு அவர் தோளைப் பிடித்தேன்.

“ஏட்டி, என்ன?” என்று திரும்பினார். “ஒண்ணும் இல்ல. இத உசிலி வைக்கவா வடை போடவான்னு யோசிச்சேன்.”

என் கை இன்னும் அவர் தோளிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அரிவாள்மணையை நேராக எடுத்து வைத்தார்.

“வடைக்கு எண்ணெ செலவு” என்றேன்.

உசிலியே செய்தோம்.