கண்ணைக் கட்டிக் கேட்ட கிராஸ்ஓவர்

ஸ்கூடாய் கடையில் ஸ்பீக்கர் விற்கும் பையன் "ஆக்டிவா, பாசிவா அங்கிள்?" என்று கேட்டால் நான் இன்றும் "டாய்லெட் எந்தப் பக்கம் தம்பி?" என்று நழுவிவிடுவேன். காஹாங்கில் எங்கள் வீட்டு ஹாலில், சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை நீதிபதியாக உட்காரவைத்ததன் பலன் அது.

அப்பா சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டிகள் செய்திருந்தார். பெட்டிக்குப் பெட்டி, கனத்த சத்தத்துக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், கீச்சுச் சத்தத்துக்கு ஒரு சின்னது. சத்தத்தை அப்படிப் பிரித்துக் கொடுப்பதுதான் கிராஸ்ஓவர். பாசிவ் என்றால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஒரே ஆம்ப்ளிஃபயர் போதும். ஆக்டிவ் என்றால் அது வெளியே தனியாக இருக்கும். பெரியதற்கு ஒன்று, சின்னதற்கு ஒன்று என்று இரண்டு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அந்த இரண்டாவது, எங்களோடு தங்கியிருந்த மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர், கல்யாணமாகி மறுவாரம் தூரத்துக் கெலாங் பாத்தாவுக்குக் குடிபோகவிருந்தார். பாசிவ் என்று முடிவானால் ஆம்ப்ளிஃபயரும் அவரோடு போய்விடும்.

என்னைக் குழப்பியது வேறு. ஆக்டிவ், ஆக்டிவ் என்று வருஷக்கணக்காக அப்பாவின் உயிரை எடுத்தவரே மாமாதான். இரண்டு ஆம்ப்ளிஃபயர் வைப்பதெல்லாம் கொழுப்பு என்று சொன்னவர் அப்பா. அன்று இருவரும் கட்சி மாறியிருந்தார்கள்.

"ஆக்டிவே இருக்கட்டும் மாப்ள. சரிபண்ண வாராவாரம் நீ வந்துட்டுப் போலாம்ல" என்றார் அப்பா.

"வேணாம் மச்சான், பாசிவே போதும் லா. நான் இல்லாட்டியும் அது பாட்டுக்குப் பாடும்."

பேச்சு முற்றியதும் என் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். உறுமி மேளக் கேசட் ஓடியது. ஒயரை மாற்றினார்கள். மறுபடியும் அதே மேளம்.

எனக்கு இரண்டும் ஒன்றுதான். இடி இடித்தது, அவ்வளவுதான்! அப்பா தோற்றால் முறைப்பார், மாமா தோற்றால் போகும்போது தருவதாகச் சொன்ன வாக்மேனைத் தரமாட்டார் என்று கணக்குப் போட்டேன். துண்டுக்குள் என் வேர்வை கண்ணில் இறங்கியது.

"சீக்கிரம் சொல்லித் தொலைடா, பக்கத்து வீட்டு ஆண்ட்டி சத்தம் தாங்காம வாசல்லயே வந்து நிக்கிறாங்க" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"ரெண்டாவது!" என்று கத்திவிட்டேன்.

இரண்டாவது பாசிவ். மாமா ஜெயித்துவிட்டார். துண்டை அவிழ்த்துப் பார்த்தால் ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷத்தையே காணோம். தோற்ற அப்பாவோ முறைக்கவுமில்லை. மாமாவின் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி, தூசி தட்டி, தன் நல்ல சாரோங் கைலியில் சுற்றினார். சரியாக இல்லை என்று அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்ற மாமா மெல்லக் கேட்டார்: "மச்சான், இன்னொரு தடவ போட்டுப் பாப்போமா?"

"அதான் புள்ள சொல்லிட்டானே மாப்ள" என்றார் அப்பா, நிமிராமலே.

அலமாக்! ஜெயித்தவரே இன்னொரு தடவை போடச் சொல்கிறார் என்றால் என் காதில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டினேன். நேரே குளியலறைக்கு ஓடி, இரண்டு காதையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.