ஒழுக்கக்கேடும் நாலு ஆடும்

போன வாரம் சோலைராஜ் என் வீட்டுக்கு வந்தார். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் பஸ் டிரைவர். கையில் ஆங்கிலத்தில் ஒரு சஸ்பென்ஷன் ஆர்டர்.

"இதுல என்னதான் சார் எழுதியிருக்கு? இதைப் பார்த்துட்டுத்தான் என் வீட்டுக்காரி முத்துமாரி கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போனையும் எடுக்க மாட்டேங்கிறா."

'மாரல் டர்பிட்யூட்' என்று இருந்தது. எனக்கே சந்தேகம். உள்ளே போய் டிக்‌ஷனரியைப் புரட்டினேன்... இயல்பிலேயே இழிவான, மனசாட்சி கூசும் செயல் என்று பொருள். கொலை, மோசடி — அந்த ரகம்.

"அப்படி என்னய்யா செஞ்சீங்க?"

"நரிக்குடியில பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பையில, காலி பஸ்ஸுல நாலு ஆட்டை ஏத்திட்டு வந்தேன் சார்."

தப்புதான். மறுநாள் எல்கேஜி பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் இழிவா?

முத்துமாரி அந்த ஆர்டரைச் செல்போன் கடைக்காரரிடம் காட்டியிருக்கிறார். "மாரல்னா ஒழுக்கம்க்கா. அது கெட்டுப்போச்சுன்னு போட்டிருக்கு" என்றாராம் அவர். போதாதா?

லஞ்சம் வாங்குபவரை, கலப்படம் செய்பவரை நாம் 'ஒழுக்கம் கெட்டவர்' என்பதில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், பெண் விவகாரம்!

பள்ளி மேனேஜரைப் போய்ப் பார்த்தேன்.

"லெட்டர் கொஞ்சம் வெயிட்டா இருக்கட்டுமேன்னு போட்டோம் சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வெயிட்டைச் சுமப்பது யார்? அர்த்தத்தைச் சொன்னதும் மனிதர் பதறிவிட்டார். 'மிஸ்கான்டக்ட்' என்று மாற்றித் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம் சார். கான்டக்ட்னா நடத்தை. அதே கடைக்காரர் 'நடத்தை சரியில்லை'ன்னுடுவார்!" என்றேன்.

கடைசியில் தமிழிலேயே எழுதினோம். 'பள்ளி வாகனத்தில் அனுமதியின்றி ஆடு ஏற்றியது.' இதைவிடத் தெளிவாக எழுத முடியுமா?

நானும் சோலைராஜும் பஸ் பிடித்து மல்லாங்கிணறு போனோம். முத்துமாரியின் அம்மா வீடு அங்கேதான். புதுக் கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். 'டர்பிட்யூட்' என்றால் என்ன, அது ஏன் தவறான பிரயோகம் — எல்லாம் விளக்கினேன். முத்துமாரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சோலைராஜ் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே முத்துமாரி கேட்டார்:

"ஆடு ஏத்துனாக... அதெல்லாம் சரி சார். அது யாரு வீட்டு ஆடு?"